பழைய மவுண்டன் பைக்ல பாட்டம் பிராக்கெட் (பெடல் சுத்துற ஆக்சிலும் பேரிங்கும் உள்ள பாகம்) மாத்தணும், வலது கப் (அதை ஃபிரேம்ல புடிச்சு வெக்கிற மரை வளையம்) கழல மாட்டேங்குது

கேள்வி: மிதிச்சா கடகடன்னு சத்தம், கிராங்கை (பெடல் மாட்டுற கை) புடிச்சு ஆட்டினா ரெண்டு பக்கமும் சேர்ந்து ஆடுது, பேரிங் போயிருச்சு போல. சதுர ஆக்சில், கார்ட்ரிட்ஜ் டைப் (பேரிங்கும் ஆக்சிலும் ஒரே யூனிட்டா வரும்). இடது கப் வந்துருச்சு, வலது நகரவே இல்ல. புதுசு என்ன சைஸ் வாங்கணும்?

பதில் 1: எந்தப் பக்கம் திருப்புறீங்க? பிஎஸ்ஏ மரைன்னா (பாட்டம் பிராக்கெட் மரையில ஒரு வகை) செயின் பக்கம் தலைகீழ் மரை, கடிகார முள் திசையில திருப்பினாதான் கழலும். துருன்னா பெனிட்ரேட்டிங் ஆயில் விட்டு ராத்திரி முழுக்க ஊற விடுங்க, கப் கழட்டுற டூல் வழுக்காம இருக்க கிராங்க் போல்ட்டை வாஷரோட போட்டு டூலை இறுக்கிப் புடிக்க வெச்சுட்டு அப்புறம் நீளமான ஸ்பேனர் போடுங்க, கப்போட பல்லு மழுங்கிட்டா ரொம்பக் கஷ்டம்ங்க.

பதில் 2: ஃபிரேம் ஷெல் (பாட்டம் பிராக்கெட் உட்காருற குழாய்) அகலம் அளங்க, பெரும்பாலும் 68 இல்லன்னா 73 மிமீ. ஆக்சில் நீளம் முனைக்கு முனை அளந்து அதே நீளம்தான் வாங்கணும், குறைஞ்சா செயின்ரிங் (முன்பக்கப் பல்சக்கரம்) ஃபிரேம்ல உரசும், கூடினா செயின்லைன் (முன், பின் பல்சக்கரத்துக்கு நடுவுல செயின் ஓடுற நேர்கோடு) கெடும். மாட்டும்போது மரையில கிரீஸ் தடவி முதல் சில சுத்து கையாலயே ஏத்துங்க, தயவுசெஞ்சு இதுல அவசரப்படாதீங்க, மரை குறுக்க ஏறினா ஃபிரேமே போயிரும்.

கேள்வி கேட்டவர்: கழண்டுருச்சுங்க, ரொம்ப நன்றி! ஷெல் 68, ஆக்சில் 122.5. உள்ள தண்ணி நின்னு ஒரே துரு, சுத்தம் பண்ணிட்டு மாட்டுறேன்.