மலேரியா திரும்பி வந்தா பழசா புதுசா, ஜீன் டெஸ்ட்ல தெரியுமா?

தூத்தூர்க்காரன்:
ஒரு சந்தேகம். நமக்கு தங்கல் போட்டுல, பல நாள் கடல்லயே தங்கி மீன் புடிக்குத போட்டுல வேல, மங்களூர்ல கெடந்தப்ப மலேரியா வந்துச்சு, வைவாக்ஸ்ங்குற வகைன்னு சொன்னாவ. மூணு நாள் மாத்திரைல காய்ச்சல் விட்டுச்சு. இப்ப ஊருக்கு வந்து ரெண்டு மாசம், நேத்து சாயங்காலம் அதே குளிரு, மூணு போர்வ மூடியும் கட்டிலு கெடந்து ஆடுது. டெஸ்ட்லயும் வைவாக்ஸ் தான். வீட்ல என்னன்னா இங்க உள்ள கொசு கடிச்சதுன்னு சொல்லுதாவ. ஜீன் பாத்தா தெரியும்னு ஒருத்தன் சொன்னான், உண்மையா?

லேப்_பக்கம்:
பாதி உண்மை. கிருமியோட டிஎன்ஏல சில எடத்துல ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும், மைக்ரோசாட்டிலைட்ம்பாங்க, எத்தன தடவைங்கறது கிருமிக்கு கிருமி மாறும். கண்ணி எண்ணிப் பாத்து இது யாரு வலைன்னு சொல்ற மாதிரின்னு வச்சுக்கங்க. ஆனா முதல் காய்ச்சல் ரத்தமும் வேணும், ரெண்டையும் வச்சுத்தான் பாக்க முடியும், உங்க மங்களூர் ரத்தத்த யாரு எடுத்து வச்சிருக்கா?
ஃபால்சிபாரம்ங்கற இன்னொரு வகை மலேரியான்னா இது நல்லா வேல செய்யும், அது ஈரல்ல ஒளியாது, ஒத்துப்போனா மருந்துக்கு தப்பிச்சது, இல்லன்னா புதுக்கடி. மருந்து ஆராய்ச்சில எம்எஸ்பி1, எம்எஸ்பி2 ஜீன வச்சு இதத்தான் பாக்கறாங்க. வைவாக்ஸ் கள்ளன். ஈரல்ல ஹிப்னோசோயிட்டா தூங்கும், அதுக்கு முந்தி எப்பவோ கடிச்ச கடில உள்ளது இப்ப முழிச்சா ஜீன் வேறயா காட்டும், ஆனா புதுக்கடி இல்ல! ஒரே கடில அண்ணன் தம்பி மாதிரி பாதி ஒத்துப்போறதும் வரும். அதனால ஒத்துப்போகலங்கறத வச்சு ஒண்ணும் சொல்லிட முடியாது.

கொளச்சல்_நர்ஸ்:
மக்ளே ஜீன் கெடக்கட்டு, ஈரல்ல தூங்குறதக் கொல்லுத பிரைமாகுயின் மாத்திரைய 14 நாளும் தின்னியா? மூணு நாள் தின்ன குளோரோகுயின் ரத்தத்துல உள்ளதத்தான் கொல்லும், ஈரல்ல தூங்குறதத் தொடாது. ஒரு மாசம் போல ரத்தத்துல கெடந்து அடக்கி வைக்கும், அது தீந்தப்பறம் தான் தல தூக்கும். உன் ரெண்டு மாச கணக்கு சரியா இருக்கு.

தூத்தூர்க்காரன்:
நாலு நாள் தின்னேன் அக்கா, போட்டு கெளம்பிட்டு. மிச்சம் பேக்ல கெடக்கு.

கொளச்சல்_நர்ஸ்:
அத எடுத்து நீயா திங்காத. ஆஸ்பத்திரில ஜி6பிடி பாக்கச் சொல்லு, ரத்த செல்லுல உள்ள ஒரு நொதி, அது கொறவா உள்ளவனுக்கு இந்த மாத்திரை ரத்த செல்ல ஒடச்சிரும், ஒண்ணுக்கு கட்டஞ்சாயா நெறத்துல போவும். மங்களூர் போனதயும் சொல்லணும். உன் தெருவுல வேற ஆருக்கும் இல்லன்னா பழசுன்னு தான் நான் சொல்லுவேன், அதுக்கு ஜீன் எதுக்கு?

லேப்_பக்கம்:
அக்கா சொல்றது தான். ஆராய்ச்சி பண்றவங்களே ஜீன மட்டும் நம்பறதில்ல, எத்தன நாள் கழிச்சு வந்துச்சு, எங்க இருந்தாங்கன்னு எல்லாம் சேத்துத்தான் கணக்கு போடறாங்க.

தூத்தூர்க்காரன்:
காலைல போறேன்.

கொளச்சல்_நர்ஸ்:
இன்னைக்கு ராத்திரி வலைக்குள்ள கெட. உன்னக் கடிச்ச கொசு அடுத்தவனக் கடிக்காண்டாம்.