புதுப்பிப்பு: ஐரிஷ் கொள்ளுப்பாட்டி கிடைத்துவிட்டார்

அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் 1870-களில் பிறந்த என் மனைவியின் கொள்ளுப்பாட்டியைத் தேட எந்தத் தளத்துக்குச் சந்தா கட்டலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். "முதலில் இலவசமாகக் கிடைப்பதைப் பார்" என்றீர்கள். நான் கேட்கவில்லை. ஒரு பெரிய தளத்தில் ஆண்டுச் சந்தா கட்டி ஏமாந்தேன்.

1901, 1911 கணக்கெடுப்புகள் அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் காசில்லாமலே இருக்கின்றன. வீடு அங்கேதான் அகப்பட்டது. கொள்ளுப்பாட்டியின் தந்தைக்கு 1901-இல் வயது 56, 1911-இல் 71! எழுபது கடந்தவர்களுக்கு 1909-இல் ஓய்வூதியம் வந்ததல்லவா, அதற்காகக் கிழவர் வயதில் ஒரே தாவாகத் தாவிவிட்டார்.

ஞானஸ்நானப் பதிவுக்கு மட்டும் ரூட்ஸ்அயர்லாந்து என்ற வம்சாவளித் தளத்தில் ஒரு மாதச் சந்தா கட்டினேன். அங்கே மூலப் பக்கத்தின் படம் கிடையாது, பெயர்த்தெழுதியதுதான். ஆனால் எந்தப் பங்குத் தேவாலயம், எந்தத் தேதி என்று தெரிந்தால் போதும். அயர்லாந்து தேசிய நூலகத் தளத்தில் அதே பதிவேட்டின் படத்தை இலவசமாகத் திறக்கலாம். திறந்தேன். பாதிரியாரின் கோழிக்கிறுக்கலில், மங்கிய மையில், கொள்ளுப்பாட்டி பிரிட்ஜெட் லத்தீனில் 'பிரிஜிடா' ஆகியிருந்தார். குடும்பப் பெயரின் முன்னிருந்த 'ஓ' காணவில்லை. இத்தனை நாள் அந்த 'ஓ'வோடுதான் தேடிக்கொண்டிருந்தேன்.

அடுத்து அவருடைய பெற்றோரின் திருமணம். பதிவேட்டில் அந்த ஆண்டுப் பக்கம் பாதி கறையாக இருக்கிறது.