ஏழு மாதமாக ரத்தம் இல்லை, மாத்திரையை நிறுத்தலாமா?

உசிலைக்காரன்:
வணக்கம். வயது 31. இரண்டு வருடத்துக்கு முன்னால் வெளிக்குப் போகும்போது ரத்தம் போனது. மூலம் என்று நினைத்து நாலு மாதம் துத்திக்கீரை வதக்கித் தின்றேன், கேட்கவில்லை. அப்புறம் மதுரையில் ட்யூப் விட்டுப் பார்த்துவிட்டு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலில் அழற்சியும் புண்ணும், என்றார்கள். அதிலிருந்து அந்த அழற்சியை அடக்கும் மெசாலமைன் மாத்திரை ஓடுகிறது. இப்போது ஏழு மாதமாக ரத்தம் இல்லை, சளி இல்லை, காலையில் ஒரே தடவைதான். வீட்டில் “நல்லாத்தானே இருக்க, எதுக்கு மாத்திரையை முழுங்கிக்கிட்டு” என்கிறார்கள், மாசச் செலவும் இடிக்கிறது. நிறுத்திப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இன்னொன்று, அடுத்த மாதம் குலசாமி கோயிலில் கிடாவெட்டு. சாப்பிடாமல் எழுந்தால் மாமா பேசமாட்டார்.

தேனிபஸ்:
நிறுத்தினவன் நான்தான் தம்பி. அஞ்சு மாதம் ஒன்றுமே இல்லை, ஜெயித்துவிட்டோம் என்று மிதப்பில் திரிந்தேன். ஆறாவது மாதம் ஒருநாள் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி காளவாசல் தாண்டியதுமே வயிற்றைப் பிடித்தது, நாகமலை புதுக்கோட்டை வருவதற்குள் வேர்த்து ஊற்றி, கண்டக்டரிடம் கெஞ்சி இறங்கி, ரோட்டோரம் டீ ஆற்றிக்கொண்டிருந்தவரிடம் ஒன்றும் சொல்லாமல் வயிற்றைத்தான் காட்டினேன், பின்னால் இருந்த வீட்டுச் சாவியைத் தூக்கிப் போட்டார். அன்றிலிருந்து நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை, ரத்தத்தோடு. ஸ்டீராய்டு 40 மில்லிகிராமில் ஆரம்பித்து வாரத்துக்கு 5 குறைத்து இறக்குவதற்குள் முகம் பணியாரமாக உப்பிவிட்டது. மெசாலமைன் விலை அதுக்கு எவ்வளவோ பரவாயில்லை.

மேலூர் அக்கா:
தம்பி, வெளியே அறிகுறி இல்லை என்பதால் உள்ளே ஆறிவிட்டது என்று அர்த்தம் இல்லை. மலத்தில் கால்புரோடெக்டின் என்று ஒரு டெஸ்ட் உண்டு, பெருங்குடலில் அழற்சி இருந்தால் அதில் கூடிக் காட்டும். அதைப் பார்த்துவிட்டு அளவைக் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேள், நீயாக நிறுத்தாதே. அப்புறம் இது வயிற்று அல்சர் இல்லை. அல்சர் என்ற பேரைக் கேட்டதும் ஊரே மணத்தக்காளிக் கீரையோடு வந்து நிற்கும், சாப்பிடு, தப்பில்லை, ஆனால் மாத்திரைக்குப் பதிலாக இல்லை. மூட்டு வலிக்கிறது என்று கடையில் டைக்ளோபினாக் வாங்கிப் போட்டுவிடாதே, சிலருக்கு அதுவே கிளப்பிவிடும். எனக்குக் கிளப்பியது.

கறிதோசை:
கிடாவெட்டுக்குப் போங்க. அடங்கி இருக்கிற நேரத்தில் எல்லோருக்கும் ஒரே பத்தியம் கிடையாது, அவரவருக்கு எது ஒத்துக்காது என்று எழுதி வைத்துக்கொள்வதுதான். நான் சோற்றில் தண்ணிக்குழம்பு, நாலு துண்டு கறி, அதோடு எழுந்துவிடுவேன். குடல் குழம்பை மட்டும் தொடமாட்டேன், இனப்பாசம்.

உசிலைக்காரன்:
சனிக்கிழமை டாக்டரைப் பார்க்கிறேன், அதுவரை மாத்திரை ஓடும். அண்ணே, நீங்க எழுதினதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். எங்கம்மா மாத்திரைப் பேச்சையே விட்டுவிட்டு அந்த டீக்கடைக்காரர் யாருன்னு கேட்கிறாங்க.

தேனிபஸ்:
பேர் தெரியாது தம்பி. இப்பவும் அந்தப் பக்கம் போனால் அங்கேதான் டீ.