ஹான்லேயில் ஸ்டார் ட்ரெயில்: பேட்டரி, உறைபனி, விட்டுப்போகும் கோடுகள்

வைகைக்கரை:
நவம்பர் அமாவாசையை ஒட்டி லடாக்கின் ஹான்லேக்குப் போகிறோம். ராத்திரி மைனஸ் 15 வரை இறங்கும் என்று வைத்துக்கொண்டு தயாராகிறேன். துருவ நட்சத்திரத்தைச் சுற்றி இரண்டு மணி நேர ஸ்டார் ட்ரெயில் (நட்சத்திரங்கள் நகரும் தடம் கோடுகளாக விழும் படம்) எடுக்க ஆசை. கைவசம் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ், 20 மி.மீ எஃப்/1.8 லென்ஸ், அலுமினிய ட்ரைபாட், தனியாகச் செருகும் இன்டர்வெலோமீட்டர் (குறித்த இடைவெளியில் தானாகப் படமெடுக்க வைக்கும் டைமர்). ஊட்டி உறைபனியில் ஒத்திகை பார்த்ததில் மூன்று கோளாறு: 50 நிமிடத்தில் பேட்டரி படுத்துவிட்டது, கடைசிப் படங்களில் நட்சத்திரமெல்லாம் பஞ்சு மாதிரி ஊதிவிட்டது, கோடுகள் தையல் போட்டதுபோல விட்டு விட்டு வந்தன. 30 நொடி எக்ஸ்போஷர், 31 நொடி இன்டர்வெல் வைத்திருந்தேன். எதை மாற்ற வேண்டும்?

முக்காலி:
தையலுக்குக் குளிர் காரணமில்லை, கணக்குதான். டயலில் 30 என்று இருந்தாலும் பெரும்பாலான கேமராக்கள் ஷட்டரை 32 நொடி திறந்து வைக்கும். 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டிப்பாகும் வரிசை அது. டயலில் மட்டும் 15, 30 என்று எழுதியிருக்கிறார்கள். நீங்கள் 31-ல் இன்டர்வெல் வைத்ததால் இரண்டாவது உத்தரவு வரும்போது முதல் படமே முடிந்திருக்காது. கேமரா அந்த உத்தரவைத் தள்ளிவிட்டு 62-வது நொடியில்தான் அடுத்ததை எடுக்கும். கோடு எவ்வளவு நீளமோ, இடைவெளியும் ஏறக்குறைய அவ்வளவு.

ஃபைல்களின் நேரத்தைப் பாருங்கள். 62 நொடிக்கு ஒன்று என்றால் இதுதான் காரணம். 93 நொடிக்கு ஒன்று என்றால் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனும் ஆனில் இருந்திருக்கிறது. ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் ஷட்டரை மூடிக்கொண்டு அதே நேரத்துக்கு ஓர் இருட்டுப் படம் எடுக்கும் வசதி அது. அதை அணைத்துவிட்டு இன்டர்வெலை 33 அல்லது 34 ஆக்குங்கள். சில டைமர்கள் ஷட்டர் மூடிய பிறகுதான் இன்டர்வெலை எண்ணத் தொடங்கும், அதனால் வீட்டிலேயே பத்துப் படம் எடுத்துச் சரிபார்ப்பது நல்லது. என்னைக் கேட்டால் டைமரே வேண்டாம். கேமராவை கன்டின்யுவஸ் ட்ரைவில் போட்டு, பூட்டக்கூடிய கேபிள் ரிலீஸை அழுத்திப் பூட்டிவிட்டால் ஒன்று முடிந்ததும் அடுத்தது தானே ஓடும்.

அடுத்தது பேட்டரி. குளிரில் உள்ளே வேதிவினை மந்தமாகி உள்தடை ஏறுகிறது. கேமரா மின்சாரம் இழுக்கும்போது மின்னழுத்தம் சரிந்து 'காலி' என்று காட்டும். உள்சட்டைப் பையில் வைத்துச் சூடாக்கினால் அதே பேட்டரி மறுபடி உயிர் பெறும். ஆனால் நடுவில் பேட்டரி மாற்றினால் இரண்டு சிக்கல். ட்ரைபாட் அசையும். எலக்ட்ரானிக் ஃபோகஸ் உள்ள பல லென்ஸ்களில் கேமரா அணைந்து எழும்போது ஃபோகஸ் இடமும் மாறிப்போகும். ஆகவே டம்மி பேட்டரி (பேட்டரி இடத்தில் செருகி, வயர் வழியாக வெளியிலிருந்து மின்சாரம் தருவது) அல்லது யூஎஸ்பி வழியாகப் பவர் பேங்க். அதைக் கம்பளித் தொப்பியில் சுற்றி, ஃபோம் துண்டின் மேல் தரையில் வையுங்கள். ட்ரைபாடில் தொங்கவிட்டால் காற்றில் ஆடும். ஒன்று மறக்க வேண்டாம்: பூஜ்ஜியத்துக்குக் கீழே லித்தியம் அயான் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றக் கூடாது, நிரந்தரமாகக் கெடும். வெளியில் ஓட்டுவது மட்டும், ஏற்றுவது அறைக்குள்.

பனித்திரை:
பஞ்சு மாதிரி ஊதியது லென்ஸில் படிந்த பனி. திறந்த வானத்தைப் பார்த்து நிற்கும் கண்ணாடி தன் சூட்டை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். ஹான்லே காற்று ஊட்டியைவிட எவ்வளவோ வறண்டது, ஆனால் ஆற்றங்கரைப் புல்வெளியில் ட்ரைபாட் நட்டால் அங்கேயும் படியும். மேடான இடம் பாருங்கள்.

யூஎஸ்பியில் ஓடும் ஹீட்டர் பட்டி வாங்கிக்கொள்ளுங்கள். லென்ஸின் முன்விளிம்பை ஒட்டிச் சுற்ற வேண்டும், ஃபோகஸ் வளையத்தின் மேல் படக் கூடாது. பனி படியும் முன்பே குறைந்த அளவில் ஓடவிடுங்கள். படிந்த பிறகு துடைத்தால் திரும்பப் படியும்; ஊதினால் மூச்சு ஈரம் அங்கேயே உறைந்து பட்டையாகும். 5 வாட் பட்டிக்கு 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் காகிதத்தில் ஆறேழு மணி நேரம். அந்தக் குளிரில் நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமராவுக்கு வேறு பேங்க்.

பட்டி இல்லாவிட்டால் குலுக்கினால் சூடாகும் ஹேண்ட் வார்மர் இரண்டை ரப்பர் பேண்டில் கட்டலாம்.

செம்மண்:
கடைசி வரிக்கு மட்டும் ஒரு திருத்தம். ஹேண்ட் வார்மரில் இருப்பது இரும்புத்தூள். ஆக்சிஜனோடு சேர்ந்துதான் சூடாகிறது. ஹான்லே கிராமமே 4,200 மீட்டருக்கு மேல், அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம். ஊட்டியில் கொதித்தது அங்கே வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். பவர் பேங்கோடு பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடினால் சுத்தமாக அணைந்துவிடும்.

ஃபோகஸை வெளியே வந்த உடனே வைக்காதீர்கள். அறைச் சூட்டிலிருந்து மைனஸுக்கு இறங்கும்போது லென்ஸ் சுருங்கி ஃபோகஸ் நகரும். ஹீட்டரையும் ஓடவிட்டு முக்கால் மணி நேரம் ஆறவிடுங்கள். பிறகு மேற்கே பிரகாசமாகத் தெரியும் அபிஜித் (வேகா) நட்சத்திரத்தை லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கி, மிகச் சிறிய புள்ளியாகும் இடத்தில் நிறுத்துங்கள். வளையத்தில் இருக்கும் முடிவிலிக் குறியை நம்ப வேண்டாம்.

குளிர் ஒரு நல்லதும் செய்யும். சென்சார் 6, 7 டிகிரி குளிர்ந்தால் இருட்டு மின்னோட்டம் (வெளிச்சமே இல்லாமல் சூட்டால் சென்சாரில் உண்டாகி நாய்ஸாகத் தெரிவது) கிட்டத்தட்டப் பாதியாகும். அதனால் அணைத்த நாய்ஸ் ரிடக்‌ஷனுக்காக ஏங்க வேண்டாம். கடைசியில் லென்ஸ் மூடியைப் போட்டு அதே அமைப்பில் பத்து இருட்டுப் படம் எடுத்து, பிறகு அடுக்கும்போது நாய்ஸைக் கழித்தால் போதும்.

இன்னொன்று, 2022-ல் அறிவிக்கப்பட்ட இருள் வானக் காப்பகம் ஹான்லே. காவலூர் வானாய்வகத்தை நடத்தும் அதே இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் தொலைநோக்கிகள் மலைமேல் இருக்கின்றன. வெள்ளை டார்ச் வேண்டாம், சிவப்பு மட்டும். வண்டி ஹெட்லைட் அடித்தால் பக்கத்தில் எடுப்பவரின் இரண்டு மணி நேரமும் போச்சு.

வைகைக்கரை:
33 நொடி, டம்மி பேட்டரி, ஹீட்டர் பட்டி குறித்துக்கொண்டேன். ஃபைல் நேரம் பார்த்தேன், 62-தான்! இன்னும் இரண்டு: படுக்க வைத்த ஃப்ரேமில் துருவம் அடங்குமா? முடித்துவிட்டு அறைக்குள் எப்படிக் கொண்டுவருவது?

முக்காலி:
ஓர் இடத்தின் அட்சரேகை எவ்வளவோ, துருவ நட்சத்திரம் அவ்வளவு உயரத்தில் நிற்கும். சென்னையில் 13 டிகிரி, ஹான்லேயில் 33. உங்கள் 20 மி.மீ படுக்கைவாட்டில் மேலிருந்து கீழாக 62 டிகிரி பிடிக்கும். கீழே 12 டிகிரி நிலத்துக்கு விட்டாலும் துருவத்துக்கு மேலே 17 டிகிரி மிஞ்சும், ஆனால் வட்டங்கள் மேலே வெட்டுப்படும். நிமிர்த்தி வைத்தால் 84 டிகிரி, மேலே வெட்டுப்படாமல் அழகாக விழும். ஐஎஸ்ஓ 12800-ல் 5 நொடிப் படம் எடுத்து ஃப்ரேம் சரிபாருங்கள். பிறகு எஃப்/2.8, ஐஎஸ்ஓ 1600, ரா ஃபைல். இரண்டு மணி நேரத்துக்கு 218 படம். வானம் 30 டிகிரி சுழன்றிருக்கும். ஸ்டார்ஸ்டாக்ஸ் மென்பொருளில் லைட்டன் முறையில் (ஒவ்வொரு புள்ளியிலும் மிக வெளிச்சமானதை மட்டும் வைத்துக்கொள்ளும் முறை) அடுக்குங்கள்.

அலுமினியக் காலை வெறுங்கையால் பிடிக்காதீர்கள், ஃபோம் குழாய் சுற்றிவிடுங்கள்.

பனித்திரை:
உள்ளே கொண்டுவரும் முன் வெளியிலேயே கார்டையும் பேட்டரியையும் கழற்றிக்கொண்டு, கேமராவை ஜிப் கவரில் காற்றை அழுத்தி எடுத்துப் பூட்டுங்கள். அப்போதுதான் ஈரம் கவருக்கு வெளியே படியும். புகாரி அடுப்பும் தேநீர் ஆவியும் இருக்கும் அறையில் வேண்டாம், வாசலோரக் குளிர்ந்த மூலையில் வையுங்கள். கவரின் வெளிப்பக்கம் முழுக்கக் காயும் வரை, அதாவது இரண்டு மூன்று மணி நேரம், ஜிப்பைத் திறக்காதீர்கள்.