1931-இல் வந்த ‘பாலிடிக்ஸ்’: தமிழ் சப்டைட்டில் குறித்து ஒரு கேள்வி

கேள்வி (கோபிசெட்டிபாளையம்):
எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் திரையிடுவதற்காக, எம்.ஜி.எம். நிறுவனம் 1931-இல் வெளியிட்ட ‘பாலிடிக்ஸ்’ என்னும் அமெரிக்க நகைச்சுவைப் படத்துக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதி வருகிறேன். சாராயக் கும்பலின் துப்பாக்கிச் சூட்டில் ஓர் இளம்பெண் இறந்துபோக, ஹாட்டி என்னும் விதவை (மேரி டிரெஸ்லர்) மேயர் பதவிக்குப் போட்டியிடுகிறார். ஊர்ப் பெண்கள் கணவன்மாருக்கு எந்த வேலையும் செய்ய மறுத்து அவருக்குத் துணை நிற்கிறார்கள். முதன்முறை பார்த்தபோது அந்த வேலைநிறுத்தத்துக்கு விழுந்து விழுந்து சிரித்தேன். இம்முறை அருகில் அமர்ந்து பார்த்த என் அப்பத்தா சிரிக்கவில்லை. “சனிக்கெழம கூலி வாங்குன கையோட உங்க தாத்தா ஊட்டுக்கு வந்திருந்தா, நான் எதுக்குச் சாமி அடுப்பப் பத்த வெக்காம உக்கார்ந்திருக்கப் போறேன்?” என்றார். இதை வெறும் சிரிப்புப் படமாகக் காட்டுவது முறைதானா? படத்தில் கும்பல் கள்ளத்தனமாகச் சாராயம் விற்கும் கடைகளுக்கு என்ன சொல் இடலாம்? படத்தில் திக்கிப் பேசும் ஒரு கணவரின் வசனத்தை எப்படி எழுதுவது?

மறுமொழி (பவானி):
‘சந்துக்கடை’ என்றே எழுதுங்கள். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடப்பில் இருந்ததால், படத்தில் வரும் கடைகள் ஊராள்வோர் கண்டும் காணாமலும் விட்டதனால் மட்டுமே நடப்பவை. ‘மதுக்கடை’ என்று போட்டுவிட்டால், அவற்றை மூடுவதற்கு மேயர் நாற்காலியை ஏன் பிடிக்க வேண்டும் என்பது நம்மவர்களுக்கு விளங்காது. திக்கலை எழுத்தில் காட்ட வேண்டாம். பேசும்படம் புதிதாக இருந்த காலத்தில் ஒலியை நம்பிச் செய்த வேடிக்கை அது, காதில் விழுவதே போதும்.

மறுமொழி (ஈரோடு):
எங்கள் ஊரில் 1921-இல் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலுக்குத் தலைமையேற்றபோது, அவர்கள் எதிர்த்தது அரசே ஏலம் விட்டு வருவாய் பார்த்த கடைகளை. அமெரிக்காவில் சட்டம் பெண்கள் பக்கம் இருந்தது, அதிகாரம் இல்லை; இங்கே இரண்டுமே இல்லை. சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வருவதற்கு 1937 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திரையிடுவதற்கு முன் இந்த வேறுபாட்டை இரண்டு வரிகளில் சொல்லிவிடுங்கள். சிரிப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ஹாட்டியின் மகள் காதலிக்கும் இளைஞன் அதே கும்பலைச் சேர்ந்தவன். காயம்பட்டு அவன் ஹாட்டியின் வீட்டிலேயே ஒளிந்திருக்கிறான். அந்த இடத்தில் உங்கள் அப்பத்தாவைப் போன்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைத்தான் கேட்க விரும்புகிறேன்.

கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. ‘சந்துக்கடை’ என்று மாற்றி அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். எந்த ஊர்ச் சந்துக்கடை என்று கேட்டார்.