பெண்ணாதிக்கமா, பெண்வழிச் சேறலா? ‘வைபர்மாக்ட்’ அச்சோவியங்களுக்கு ஒரு சொல்

அன்பர்களுக்கு வணக்கம். பெண்ணிடம் ஆண் வீழும் காட்சிகளைக் காட்டும் ஐரோப்பிய அச்சோவிய மரபைச் செருமானியத்தில் ‘வைபர்மாக்ட்’ (பெண்களின் வலிமை) என்பார்கள். அதற்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்பதில் வந்த இரு கருத்துகளுக்கு என் மறுமொழி இது.

> ‘பெண்ணாதிக்கம்’ போதுமே?

போதாது. ஆதிக்கம் என்றால் நிலைபெற்ற அதிகார அமைப்பு. ‘ஆணாதிக்கம்’ என்பதன் மறுதலையாகவே அதைப் படிப்பார்கள். இந்த ஓவியங்களில் அப்படி எந்த ஆட்சியும் மாறுவதில்லை. செருமானிய ஓவியர் ஹான்ஸ் பால்டுங் 1513இல் செய்த மரச்செதுக்கைப் பாருங்கள். அரிஸ்டாட்டில் கடிவாளம் பூண்டு நாலுகாலில் தவழ்கிறார். பிலிஸ் சவுக்கோடு அவர் முதுகில் அமர்ந்திருக்கிறாள். தன் மாணவன் அலெக்சாந்தரை அவன் காதலியான அவளிடமிருந்து விலக்கப் பார்த்த ஆசானை அவள் பழிவாங்கிய கதை அது. இடைக்காலக் கற்பனைதான். பேரறிவும் ஒரு கணத்தில் மண்டியிடும் என்பதே அதன் உயிர்.

> வள்ளுவரே ‘பெண்வழிச் சேறல்’ தந்திருக்கிறாரே?

மனைவிக்கு அடங்கி நடப்பதைப் பற்றிய அந்தக் குறள் அதிகாரம் எனக்கும் நெருக்கமானது. ஆனால் அதில் திரும்பத் திரும்ப வருபவள் மனையாள், இல்லாள். குற்றம் சொல்லப்படுவது கணவனை. செருமானியக் கலைஞர் இஸ்ரயேல் வான் மெக்கனெம் செதுக்கிய, காற்சட்டைக்கான (அதாவது, வீட்டில் யார் அதிகாரம் என்பதற்கான) சண்டையில் மனைவி நூற்கோலை ஓங்கும் செப்புத்தகட்டு அச்சுக்கு அது அழகாகப் பொருந்தும். விவிலியத்தில் வரும் யாகேலுக்கு? நெதர்லாந்து ஓவியர் லூக்காஸ் வான் லைடன் 1510களில் வெளியிட்ட இரு மரச்செதுக்கு வரிசைகளில் சிறியதில், உறங்கும் பகைத் தளபதி சிசெராவின் தலையில் கூடார ஆணியை அறைகிறாள். இறைவாக்கினளான தெபோராளின் பாட்டில் ஆசி பெற்றவளாகப் போற்றப்படுபவள் அவள். சிம்சோனின் முடியை இழக்கச் செய்த தெலீலாளோடு அவளையும் ஒரே வரிசையில் வைத்ததுதான் இந்த மரபின் விந்தை. நகைப்புக்குரியவளும் வீராங்கனையும் ஒருசேர அடங்கும் சொல் வேண்டும். பழிப்பும் கூடாது, புகழ்ச்சியும் கூடாது.

‘மகளிர் ஆற்றல்’ இன்றைய நலத்திட்டப் பெயர்போல ஒலிக்கிறது. பதினாறாம் நூற்றாண்டுக்கு ஒட்டாது.

என் பரிந்துரை: பெண்திறல். ‘வெந்திறல்’, ‘செற்றார் திறலழிய’ என்று நாம் அறிந்த சொல்தான். எதிராளியை வீழ்த்தும் வலிமை அதில் இருக்கிறது. நல்லதா தீயதா என்ற தீர்ப்பு இல்லை. திருப்பாவையில் பகைவரின் வலிமைக்கும் ஆண்டாள் அதையே சொல்கிறாள், இராமனுடையதற்கும் அதையே சொல்கிறாள். இலக்கணப்படி ‘பெண்டிறல்’ என்று புணரும். ஆனால் படிப்பவர் ‘பெண்டு’ எனப் பிரித்துத் தடுமாறுவார். புணர்க்காமலே எழுதுவோம்.

பயன்பாடு: லூக்காசின் பெரிய பெண்திறல் வரிசை, சிறிய பெண்திறல் வரிசை, பெண்திறல் மரபு.

செருமானியத்தில் இணையாக வழங்கும் ‘வைபர்லிஸ்ட்’ தந்திரத்தை மட்டும் சுட்டுவது. அதற்குப் ‘பெண்சூழ்ச்சி’ எனத் தனிப்பதிவு இடலாம். காதலித்த பெண்ணால் ஏமாற்றப்பட்டுக் கூடையில் தொங்கவிடப்பட்டதாகக் கதை சொல்லும் ரோமானியக் கவிஞர் வெர்ஜிலை அதன்கீழும் காட்டலாமா? கருத்தைச் சொல்லுங்கள்.