மொட்டைமாடியில் மூன்று கிலோவாட்

குழு: பாட்டி வீட்டார்
ஞாயிற்றுக்கிழமை

பெரியப்பா, காலை 6:41
(பலமுறை பகிரப்பட்டது) மகிழ்ச்சியான செய்தி! உலகத்தின் மின்சாரத்தில் 90 சதவீதம் இப்போது சூரியனிடமிருந்து! நிலக்கரிக்கு முழுக்குப் போட்டாயிற்று! உடனே பத்துப் பேருக்கு அனுப்புங்கள்!

மாமா, 6:58
அத்தான், போன வாரம் வானத்தில் இரண்டு நிலா தெரியும் என்று அனுப்பினீர்கள். மொட்டைமாடியில் நின்று கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

பெரியப்பா, 7:02
இது அப்படி இல்லை மாப்பிள்ளை. ஓய்வுபெற்ற ஒரு பொறியாளர் அனுப்பியது.

மதன் அண்ணா, 7:30
அப்பா, இதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் பார்க்க நம்பும்படி இருக்கிறது. 2024-இல் உலகத்தில் புதிதாகச் சேர்ந்த மின் உற்பத்தித் திறனில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் புதுப்பிக்கத்தக்கவை. அதிலும் பெரும்பகுதி சோலார். யாரோ "புதிதாக" என்ற ஒரே வார்த்தையை விழுங்கிவிட்டார்கள்.

மதன் அண்ணா, 7:31
அந்த வருடம் உலகம் செலவழித்த மின்சாரத்தில் சோலார் 7 சதவீதம்தான். காற்றாலை 8, நீர்மின்சாரம் சுமார் 14. நிலக்கரி அப்போதும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தது.

மாமா, 7:33
பார்த்தீர்களா. இவ்வளவு ஆர்ப்பாட்டமும் 7-க்குத்தானா?

மதன் அண்ணா, 7:40
மாமா, அதற்கு மூன்று வருடம் முன்னால் அதில் பாதிதான் இருந்தது. 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பயன்படும்படியான முதல் சிலிக்கான் சோலார் செல் வந்தது, விழும் வெளிச்சத்தில் 6 சதவீதத்தை மின்சாரமாக்கியது. அங்கிருந்து உலகம் முழுக்க 1 டெராவாட் (நூறு கோடி கிலோவாட்) சேர 2022 வரை ஆயிற்று, 68 வருடம். அடுத்த டெராவாட்டுக்கு ஏறக்குறைய இரண்டே வருடம்.

அனு, 7:44
எல்லாம் விலை இறங்கியதாலா அண்ணா?

மதன் அண்ணா, 7:49
பெரும்பாலும். 2010-லிருந்து பத்து வருடத்தில் பேனல் விலை பத்தில் ஒரு பங்காகிவிட்டது. முதலில் செயற்கைக்கோளுக்கு மட்டும்தான் கட்டுப்படியானது. 1958-இல் வான்கார்ட் 1-இல் வைத்து அனுப்பினார்கள், அது இன்னும் மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது. 2000-இல் ஜெர்மனி சட்டம் போட்டு, கூரை மின்சாரத்தை நல்ல விலைக்கு எடுத்துக்கொண்டது. சந்தை வந்தது. பிறகு சீனா ஆலைகளைக் கட்டித் தள்ளியது.

மாமா, 7:52
அதாவது எல்லாம் ஒரே நாட்டிடம்.

மதன் அண்ணா, 7:53
அது நியாயமான கவலைதான் மாமா. பேனல் தயாரிப்பின் எல்லாக் கட்டத்திலும் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவிடம் இருக்கிறது.

சித்தி, 8:15
உலகக் கணக்கு இருக்கட்டும். என் வீட்டுக் கணக்கைக் கேளுங்கள். மூன்று கிலோவாட் என்று சொல்லித்தான் மாட்டினார்கள். உச்சிவெயிலில் ஆப்பைப் பார்த்தால் 2.3-க்கு மேல் ஏறவே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?

மதன் அண்ணா, 8:22
இல்லை சித்தி. அந்த மூன்று என்பது பேனல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. வெயிலில் பேனல் 65 டிகிரி வரைகூடச் சுடும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் போகும். 40 டிகிரி கூடினால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கொஞ்சம் தூசு, இன்வெர்ட்டரில் கொஞ்சம். 2.3 நல்ல எண்ணிக்கைதான்.

அனு, 8:24
வெயில் கூடினால் கரண்ட் குறையுமா?!

மதன் அண்ணா, 8:25
வெளிச்சம் கூடினால் கூடும். சூடு கூடினால் குறையும். பேனலுக்குப் பிடித்தது குளிரான, பளிச்சென்ற பகல்.

சித்தி, 8:27
சரி, அது போகட்டும். செவ்வாய்க்கிழமை பகல் ஒன்றரைக்குக் கரண்ட் போனது. மேலே வெயில் கொளுத்துகிறது, கீழே ஃபேன் நின்றுவிட்டது! பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "உங்களுக்குமா?" என்று கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மாமா, 8:28
இதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

மதன் அண்ணா, 8:36
நீங்கள் சொன்னது வேறு மாமா. சித்தி, உங்களுடையது ஆன்கிரிட் இன்வெர்ட்டர், தெரு லைனோடு சேர்ந்து ஓடுவது. லைனில் கரண்ட் இல்லை என்று தெரிந்ததும் தானே நின்றுவிட வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் உங்கள் மாடி மின்சாரம் தெருக் கம்பிக்குப் போகும். அங்கே லைன் செத்துவிட்டது என்று நம்பி ஒருவர் கம்பத்தில் ஏறியிருப்பார்.

சித்தி, 8:38
ஐயோ. இதை மாட்டும்போதே சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தால் திட்டியிருக்க மாட்டேன்.

மதன் அண்ணா, 8:39
சொல்லியிருக்க வேண்டும். கரண்ட் போனாலும் வேண்டுமென்றால் பேட்டரி வைத்த ஹைப்ரிட் வேண்டும். அப்போதும் அது முதலில் வீட்டைத் தெருவிலிருந்து துண்டித்துவிட்டுத்தான் கொடுக்கும்.

பெரியப்பா, 8:45
அப்படியானால் மூன்று கிலோவாட் என்பது ஒரு நாளைக்கு எத்தனை யூனிட்? 72-ஆ?

மதன் அண்ணா, 8:51
அங்கேதான் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள் அப்பா. 24 மணி நேரமும் முழுதாக ஓடினால்தான் 72. நல்ல வெயில் நாளில் 12 வரும், ஆறில் ஒரு பங்கு. இரவு, காலைச் சாய்வெயில், மேகம் எல்லாம் போக மிச்சம் அதுதான். உலகத்துக்கும் இதே கதை. டெராவாட்டில் சோலார் மலைபோல் தெரியும், யூனிட்டில் 7 சதவீதமாக இளைத்துவிடும். செய்தியில் "திறன்" என்று இருக்கிறதா, "மின்சாரம்" என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மாமா, 8:55
சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாரும் விளக்கைப் போடும்போது கைவிரித்துவிடும். அதைச் சொல்ல மறந்துவிட்டாய்.

மதன் அண்ணா, 9:04
மறக்கவில்லை மாமா, இப்போது உலகம் முழுக்க அதுதான் தலைவலி. சோலார் போக மற்ற ஆலைகள் கொடுக்க வேண்டிய மின்சாரத்தை மணிவாரியாக வரைந்தால் வாத்து மாதிரி இருக்கும். கலிபோர்னியாவில் 2013-இலேயே அந்த வரைபடத்துக்கு வாத்து வளைவு என்று பெயர் வைத்துவிட்டார்கள். நடுப்பகலில் வயிறு மாதிரி தொங்கும், சாயங்காலம் கழுத்து மாதிரி விர்ரென்று ஏறும். அங்கேயே 2024-இல் பேட்டரிகள் 10 ஜிகாவாட்டை (ஒரு கோடி கிலோவாட்டை) தாண்டிவிட்டன. மதியம் வாங்கி மாலையில் கொடுக்கின்றன. முழுதாகத் தீரவில்லை, ஆனால் கைவிரித்த நிலை இல்லை.

சித்தி, 9:10
எனக்குச் சாயங்காலம்கூட வேண்டாம். மூன்று மணிக்கே படுத்துவிடுகிறது! வெயில் நன்றாக இருக்கும்போதே 1.6-லிருந்து 0.7.

மதன் அண்ணா, 9:12
மூன்று மணிக்கா? தினமுமா? இன்வெர்ட்டர் சூடாகிறதோ என்னவோ. படம் எடுத்து அனுப்புங்கள்.

சித்தி, 9:20
(குரல் பதிவு 0:38) அம்மா பேசுகிறார், கேளுங்கள்.

மாமா, 9:21
பஸ்ஸில் இருக்கிறேன், ஒன்றும் காதில் விழவில்லை. யாராவது எழுதுங்கள்.

அனு, 9:26
பாட்டி சொன்னது: "இன்வெர்ட்டரும் இல்லை, ஒன்றும் இல்லை. மூன்று மணியானால் தண்ணீர்த் தொட்டி நிழல் அந்தக் கடைசிப் பலகை மேல் வந்து விழும். நாற்பது வருஷமாக அந்த நிழலைப் பார்த்துத்தான் துணியை நகர்த்திப் போடுகிறேன். மாட்ட வந்த பிள்ளைகள் காலை பத்து மணிக்கு வந்து அளந்துகொண்டு போனார்கள். என்னை யார் கேட்டார்கள்?"

மதன் அண்ணா, 9:29
பாட்டி சொன்னதுதான். எல்லாப் பேனலும் ஒரே சரமாகக் கோத்தது. ஒன்றில் நிழல் விழுந்தால் மொத்தச் சரமும் இழுபடும். நிழல் விழுந்த பகுதியைத் தாண்டி மின்சாரத்துக்கு மாற்றுவழி விடும் டையோடு பேனலுக்குள் இருக்கிறது, அது கொஞ்சம் காப்பாற்றும், முழுதாக இல்லை.

சித்தி, 9:31
இப்போது தொட்டியை நகர்த்துவதா, பலகையை நகர்த்துவதா?

மதன் அண்ணா, 9:32
அந்த ஒரு பேனலை. எங்கே வைப்பது என்று பாட்டியிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

பெரியப்பா, 9:40
அனு, காலையில் போட்டதை அழிப்பது எப்படிம்மா? நடைப்பயிற்சிக் குழுவுக்கும் அனுப்பிவிட்டேன்.

அனு, 9:41
அழுத்திப் பிடித்தால் வரும் பெரியப்பா. "எல்லோருக்கும் நீக்கு" என்பதை அழுத்துங்கள்.

பெரியப்பா, 9:47
எனக்கு மட்டும்தான் நீங்கியிருக்கிறது.